மார்த்தா கிரஹாம் குழு அருங்காட்சியகம் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க நவீன நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அவருடைய வாழ்க்கையை நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவர் போன பிறகு அவருடைய நடனக் குழு பழையதையே ஆடிக்கொண்டிருக்கும் அருங்காட்சியகம் ஆகிவிட்டது என்று கடைசியில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அது எனக்கு ஒப்பவில்லை.

நான் சின்ன வயதில் எட்டு வருடம் பரதம் கற்றவள். எங்கள் வாத்தியார் காலமாகிக் கொஞ்ச நாள் கழித்து, அவர் சொல்லிக்கொடுத்த வர்ணம் என்ற நீண்ட உருப்படி ஒன்றை மறுபடி ஆடிப்பார்க்கலாம் என்று மூன்று பேர் கூடினோம். பாட்டு இருந்தது, நோட்டில் தாளத்துக்கான சொற்கட்டு இருந்தது. ஆனால் மூன்றாவது தீர்மானத்தில், அதாவது பாட்டு வரிகளுக்கு நடுவே வரும் அடிக்கோவையில், முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியிலிருந்து எந்தப் பக்கம் திரும்புவது என்பதில் மூவருக்கும் மூன்று ஞாபகம். வாத்தியார் உட்கார்ந்து தட்டுக்கழியைத் தட்டியிருந்தால் கால் தானாகப் போயிருக்கும். அன்று பாதியில் விட்டதுதான், இன்றுவரை அதை நாங்கள் முழுதாக ஆடவில்லை.

அதனால்தான் 1926-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஒரு குழு இன்றும் ஆடுகிறது என்பது எனக்குச் சாதாரணமாகப் படவில்லை. கிரஹாம் 1991-இல், 96 வயதில் இறந்தார். தன் சொத்தையெல்லாம் உயிலில் நண்பர் ஒருவருக்கு எழுதிவைத்திருந்தார். அந்த நண்பருக்கும் குழுவை நடத்திய மையத்துக்கும் ஒத்துவரவில்லை, கையில் பணமும் இல்லை, 2000 மே மாதம் ஆட்டமே நின்றுபோனது, அப்புறம் கோர்ட். கிரஹாமிடமே கற்று வளர்ந்தவர்கள் அவருடைய நடனத்தை ஆட முடியாமல் உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பாருங்கள். 2002-இல் வந்த தீர்ப்பு, வழக்கிலிருந்த 70 நடனங்களில் 45 மையத்துக்குச் சொந்தம் என்றது. சிலவற்றை கிரஹாமே முன்பு மையத்துக்குக் கொடுத்துவிட்டார், மற்றவை அங்கே சம்பளம் வாங்கும் ஊழியராக இருந்து செய்தவை என்பது காரணம். பத்து நடனங்கள் பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் ஆடலாம். நண்பருக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. சரி, இனி நிம்மதி என்று இருந்தால் 2012-இல் சாண்டி புயல். வெள்ளம் அடித்தளக் கிடங்கில் புகுந்து, சிற்பி இசாமு நொகுச்சி செய்த மேடைப் பொருள்களும் உடைகளும் தண்ணீரில் ஊறிப்போயின.

இன்னொன்றையும் உங்கள் கட்டுரை விட்டுவிட்டது. 1936-இல் நாஜிகள் பெர்லின் ஒலிம்பிக்குக்கு அழைத்தபோது கிரஹாம் போக மறுத்ததைச் சொன்னீர்கள். அதே ஆண்டில் பெண்களை மட்டும் வைத்து அவர் செய்த 'கிரானிக்கிள்' என்ற நடனம் பிறகு பல வருடம் காணாமலே போனதே! அதன் ஒரு பகுதியை 1989-இல் பழைய படச்சுருள் ஒன்றைப் பார்த்துப் பார்த்து மீட்டவர் யூரிகோ. ஜப்பானிய வம்சம் என்பதற்காகப் போர்க்காலத்தில் அமெரிக்காவே முகாமில் அடைத்துவைத்த பெண், 1944-இல் குழுவில் சேர்ந்தவர். படத்தில் தெரியாத அடியை அவருடைய உடம்புதான் சொல்லியிருக்கும். என் வர்ணத்துக்கு அப்படி ஒருவர் இல்லை.

அருங்காட்சியகம் என்றால் தொடக்கூடாது. இவர்கள் தொடுகிறார்கள். 1930-இல் வந்த 'லெமென்டேஷன்' (புலம்பல்) நடனத்தின் காணொளியை நான் லேப்டாப்பில்தான் பார்த்தேன். ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், குழாய் மாதிரி இழுபடும் ஊதாத் துணிக்குள் உடம்பு, வெளியே தெரிவது முகமும் கையும் பாதமும் மட்டும். முழங்கை உள்ளிருந்து துணியை முட்ட, அது மூலைக்கு மூலை விறைக்கிறது. சாவு வீட்டில் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிய என் பாட்டி அப்படியே கண்முன் வந்தார். செப்டம்பர் 11 நினைவு நாளை ஒட்டி 2007-இல் இந்தக் குழு, கிரஹாம் அதை ஆடிய பழைய படத்தைப் புதிய நடன இயக்குநர்களிடம் காட்டி, பத்தே மணி நேர ஒத்திகையில் உங்கள் பதிலை நடனமாகச் செய்யுங்கள் என்றது. அது இன்றைக்கும் தொடர்கிறது. இதைச் செய்வித்த ஜேனட் ஐல்பர் கிரஹாமிடமே ஆடியவர்.

கிரஹாமின் குழுவில் ஆடி வளர்ந்து, பிறகு தனிக் குழு நடத்திய மெர்ஸ் கன்னிங்ஹாம் வேறு முடிவெடுத்தார். தான் இறந்ததும் இரண்டு வருடம் ஊர் ஊராக ஆடிவிட்டுக் குழுவைக் கலைத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார், அப்படியே 2011 டிசம்பர் 31 அன்று முடிந்தது. அதுவும் நேர்மையான முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1955-56 ஆசியப் பயணத்தில் கிரஹாம் குழு சென்னைக்கும் கொழும்புக்கும் வந்து ஆடியிருக்கிறது. உங்கள் மூத்த வாசகர்களில் அதை நேரில் பார்த்தவர்கள் இருக்கலாம், யார் வீட்டுப் பரணிலாவது அன்றைய நிகழ்ச்சித்தாள் கிடக்கலாம். கேட்டு ஒரு அறிவிப்புப் போடுங்களேன்.

அன்புடன்,
ஒரு வாசகி, மயிலாடுதுறை