முகப்பைத் திறந்துவிட்டோம்

சிவமயம்

கானாடுகாத்தான்
ஆவணி மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தா எழுதுவது. நீயும் மருமகளும் பேரனும் சுகம்தானே? அப்பச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

போன வாரம் வீடியோ போனில் கேட்டாய், பின்னால் முகப்பு மாதிரி தெரிகிறதே, யாராவது விருந்தாளி வந்திருக்கிறார்களா என்று. யாரும் வரவில்லை. ஆனி மாதத்திலிருந்து நானும் உன் அப்பச்சியும் பின்கட்டை விட்டு, வாசலை ஒட்டிய முகப்புக் கூடத்தில்தான் இருக்கிறோம். போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

சித்திரையில் நீங்கள் வந்திருந்தபோது பேரன் காலுறையோடு முகப்புத் தரையில் சறுக்கி விளையாடினான். "கல்லு கெட்டுப்போகும், அங்கே போகாதே" என்று நான் போட்ட சத்தத்தில் குழந்தை அப்படியே நின்றுவிட்டான். அப்புறம் ஊருக்குக் கிளம்பும்வரை அந்தப் பக்கம் ஓடவே இல்லை. வாசலுக்குப் போகும்போதுகூடச் சுவரைத் தொட்டுக்கொண்டே போனான். நீ பார்த்தாயோ என்னவோ, நான் பார்த்தேன்.

நீங்கள் போன பிறகு வளவு முற்றத்தோரம் பெயர்ந்திருந்த இரண்டு தரைக்கல்லை மாற்ற, அந்தக் கல் செய்யும் ஆத்தங்குடியிலிருந்து ஒருவரை வரச்சொன்னோம். வேலை முடிந்து வெளியே போகும்போது முகப்பைப் பார்த்துவிட்டு, "இதை நடக்காமலே வச்சிருக்கீங்களா ஆச்சி?" என்றார். "ஆமாம், பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்றேன். "இது நடந்தாத்தான் நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை தம்பி. கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, நிறச்சாந்தைக் கையால் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். அந்தக் கண்ணாடி கொடுக்கும் வழவழப்பு ஆரம்பத்துக்குத்தான். அதற்கு மேல் கால் படப்படத்தான் மெருகு ஏறும். அவர் போன பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து பார்த்தேன். வாசல் நிலையிலிருந்து வளவுக்குப் போகும் வழி மட்டும், இரண்டு ஆள் நடக்கிற அகலத்துக்கு, குங்குமத்தைக் கரைத்து ஊற்றினாற்போல் சிவப்பாக மின்னுகிறது. ஒரு முழம் தள்ளி அதே கல், அதே பூ, சாம்பல் பூசியதுபோல் மங்கிக் கிடக்கிறது. நாற்பத்தைந்து வருஷமாக இந்தத் தரையைத் துடைக்கச் சொல்லி நிற்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

இந்த முகப்பைக் கட்டிய உன் பாட்டையா இதில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துப் பார். பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாக, வட்டிக்கடை எடுபிடியாக, பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனவர். பல வட்டிக்கடைகள் சேர்ந்திருந்த ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கியில் ஒரு கைப்பெட்டி, ஒரு பாய், ஓர் ஆள் படுக்கிற இடம், அவ்வளவுதான் அவருடைய வீடு. மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் ஊர் வந்து போவார். அப்படிச் சேர்த்த காசில் பர்மாத் தேக்குத் தூணும், வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சுவரும், பெல்ஜியம் கண்ணாடியும் வைத்துக் கட்டினார். பிறகு நெல் விலை விழுந்தது. கடன் வாங்கியவர்கள் பணம் தர முடியாமல் நிலத்தைத் தந்தார்கள். 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் நம் செட்டியார்கள் கையில் இருந்தது. நிலத்தைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏற முடியுமா? 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த வருஷம் கையில் ஒரு துணி மூட்டையோடு வந்து சேர்ந்தார். அதற்கப்புறம் அவர் முகப்பில் உட்காரவே இல்லையாம். பின்கட்டில்தான் இருந்திருக்கிறார். அவரைப் பார்த்து அவர் மகன் உன் ஐயா, ஐயாவைப் பார்த்து அப்பச்சி, எல்லோரும் பின்கட்டிலேயே இருந்துவிட்டோம். முகப்பு வருஷத்துக்கு ஒரு முறை முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும், எப்போதாவது வரும் கல்யாணத்துக்கும் என்று ஆகிவிட்டது.

மூடி வைத்தால் நன்றாக இருக்கும் என்று நாம் நினைத்தோம். வடக்குப் பக்கம் மலேசியாப் பங்காளியின் அறையைப் படைப்புக்கு முன் திறந்தோம். சாவி வர இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மேலே குரங்கு கூரை ஓடுகளைக் கலைத்துவிட்டிருக்கிறது. இரண்டு மழைக்காலத்துத் தண்ணீர் இறங்கியிருக்கிறது, ஒருவரும் பார்க்கவில்லை. நிலைக்கதவின் ஓரத்தில் விரலை வைத்தேன், அவல் மாதிரி உள்ளே போய்விட்டது. வெளியே வண்ணம் அப்படியே இருக்கிறது, உள்ளே முழுக்கக் கரையான். பெட்டகத்தில் அவருடைய ஆத்தா கட்டிய கண்டாங்கி இருந்தது. மடிப்பைப் பிரித்தால் மடிப்போடு உடைந்தது. உன் மலேசியாச் சித்தப்பா போட்டோவைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

முகப்பு இந்த வீட்டில் பங்குள்ள எல்லாப் புள்ளிக்கும், எல்லாக் குடும்பத்துக்கும் பொது. அதனால் ஒவ்வொருவரிடமும் கேட்டோம். சென்னைப் பெரியப்பாதான் தயங்கினார், கல்யாணம் காட்சிக்கு வேண்டுமே என்றார். கல்யாணம் வந்தால் அன்றைக்குக் கட்டிலை எடுத்துப் போட எத்தனை நேரமாகும் என்று அப்பச்சி கேட்டார். சரி என்று சொல்லிவிட்டார்.

இப்போது மேற்குப் பக்கம் இரண்டு கட்டில். காலையில் இங்கேதான் காப்பி. எனக்குக் கட்டுக்குக் கட்டு நிலைப்படி ஏறி இறங்குகிற வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் விசேஷ நாளிலும் முகப்பு ஆண்பிள்ளைகள் இடம். பெண்கள் வளவைத் தாண்டி வந்து உட்காரமாட்டோம். உன் அப்பத்தா கடைசிவரை அந்தத் தேக்கு ஊஞ்சலில் ஒரு தரமும் உட்கார்ந்ததில்லை. நான் இப்போது தினமும் அதில் உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறேன். ஆயும்போது அவரை நினைத்துக்கொள்வேன். சாயங்காலம் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து சுவரில் விழும்போது கட்டிலில் படுத்திருக்கும் அப்பச்சியின் நிழல்கூட அந்தச் சுவரில் தெரிகிறது. இப்படி ஒரு நேரம் இந்த வீட்டில் இருப்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

தீபாவளிக்கு வருகிறீர்கள் அல்லவா, உங்களுக்கும் முகப்பிலேயே பாய் விரிக்கிறேன். பேரனிடம் இதை இப்போதே சொல்லு: அப்பத்தா அன்றைக்குச் சொன்னது தப்பு, கல் கெடாது, அவன் ஓடினால்தான் நல்லது. அவன் வாயாலேயே "சரி" என்று சொல்லி எனக்கு ஒரு வாய்ஸ் அனுப்பச் சொல்லு. காலுறை இரண்டு மூன்று ஜோடி கூடுதலாக எடுத்து வா. முழங்கால் தேயாமல் இருக்க முழுக்கால் சட்டை போட்டு விடு.

அன்புடன்
ஆத்தா