காமாலைக் குழந்தைக்குக் காலை வெயில் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பச்சிளங்குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும் என்றாலும், ரத்தத்தில் சேர்ந்து மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபின் என்ற பொருளின் அளவு பிறந்த 3 முதல் 5 நாள்களுக்குள்தான் உச்சத்தைத் தொடும் என்பதால், 48 மணி நேரத்தில் வீடு திரும்பிவிடும் தாய்மார்கள் அதை வீட்டில்தான் எதிர்கொள்கிறார்கள். அங்கே காலை வெயிலும் சர்க்கரைத் தண்ணீரும் வைத்தியமாகிவிடுகின்றன. மருத்துவமனையில் நீல ஒளி விளக்கின்கீழ் குழந்தையைக் கிடத்தித் தரும் ஒளிச்சிகிச்சைக்கு வெயில் ஈடாகாது. சர்க்கரைத் தண்ணீரோ தாய்ப்பால் குடிப்பதைக் குறைத்து, மஞ்சளைக் கூட்டவே செய்யும். (பாட்டிமார்கள் கோபிக்கக் கூடாது.) முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ உடனே ரத்தப் பரிசோதனை தேவை, தாமதித்தால் மூளையும் செவித்திறனும் பாதிக்கப்படலாம். வீடு தேடி வரும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு, ஊசியின்றித் தோலின்மீது வைத்தே பிலிருபினை அளவிடும் கருவியை அரசு வழங்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், திருவாரூர்.