கிழங்கைத் தட்டில் வை, மகளே

அன்புள்ள மகளுக்கு,

நேற்று எல்லாக் கதையும் பேசிவிட்டு, போனை வைக்கப்போகும் நேரத்தில் ஒரு வரியைச் சொன்னாய். மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லையாம். ‘நிறைய ஓடுகிறேன் அல்லவா, அதனால்தான்’ என்று நீயே சமாதானமும் சொல்லிக்கொண்டாய். இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பாக்கெட் உணவுகளை எல்லாம் விட்டுவிட்டு மீன், முட்டை, இறைச்சி, காய், கீரை, பழம் என்று நீ மாறியதில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. ஆதிமனிதர் உணவு என்று சொல்லப்படும் ‘பேலியோ’ முறைப்படி தானியம், பருப்பு, பால் வேண்டாம் என்கிறாய். அதற்கும் நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் நீ சொன்ன ஒரு நாள் சாப்பாட்டைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். பழத்தையும் சேர்த்து நூறு கிராம் மாவுச்சத்துகூடத் தேறவில்லை. வாரத்துக்கு 80 கிலோமீட்டர் ஓடுகிற உடம்புக்கு இது எப்படிப் போதும்?

தினம் ஒன்று முதல் மூன்று மணி நேரம் கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 6 முதல் 10 கிராம் வரை மாவுச்சத்து வேண்டும் என்று விளையாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்கள் சொல்கிறார்கள். நீ 52 கிலோ. குறைந்த கணக்கில் பார்த்தாலும் 312 கிராம். நூறு கிராம் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இருப்பது ஏறத்தாழ 20 கிராம்தான். அதை மட்டுமே நம்பினால் நாளுக்கு ஒன்றரைக் கிலோ தின்ன வேண்டும். தானியத்தை எடுத்துவிட்டால் தட்டில் அவ்வளவு பெரிய இடம் காலியாகிறது. அதை நீ காய்களால் நிரப்புகிறாய். வயிறு நிறைகிறது, தசையில் ஓடுவதற்கான எரிபொருள் நிறையவில்லை.

ஆதிமனிதர்கள் இப்படித்தான் சாப்பிட்டார்கள் என்றாய். தென்னாப்பிரிக்காவின் பார்டர் குகையில், 1,70,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் சுட்ட கிழங்குகளின் கரிந்த மிச்சம் கிடைத்திருக்கிறது. தான்சானியாவின் ஹட்ஸா மக்கள் வேட்டையாடுவதோடு நில்லாமல் கிழங்கும் தோண்டுகிறார்கள், தேனுக்காக உயரமான மரங்களில் ஏறுகிறார்கள். நீ ஒதுக்கி வைத்திருப்பது அவர்கள் தேடித் தேடித் தின்றதைத்தான்.

உன் வயதில் நானும் இதே தவற்றைச் செய்தவள். எடை இறங்கியது, ஓடி முடிக்கும் நேரமும் குறைந்தது. ஆறு மாதம் பறப்பது போல இருந்தது. பிறகு கீழ்க்கால் எலும்பில் நூல் போல ஒரு விரிசல். சாப்பாடு போதாதபோது உடம்பு மாதவிடாயை நிறுத்தி மிச்சம் பிடிக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைய, எலும்பு வலுவிழக்கிறது. இதை அன்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை.

இன்றிலிருந்தே மூன்று வேளையும் கிழங்கு வை. வேகவைத்த உருளைக்கிழங்கை உப்புப் போட்டுத் தின்னு. பாக்கெட் உணவை விட்டதும் உப்பும் குறைந்துபோகிறது, நீயோ வியர்வையில் அதை இழப்பவள். ஓட்டம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வழியிலேயே உள்ளே போகவேண்டும். ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. பேரீச்சம்பழம், தேன் எதுவானாலும் சரி. மாரத்தான் அன்று ஓட்டக்காரர்கள் எடுக்கும் மாவுச்சத்து ஜெல் பாக்கெட்டை எடுத்தாலும் உன் கொள்கை ஒன்றும் கெட்டுப்போகாது. பால் இல்லாததால், சுண்ணாம்புச்சத்துக்காக முள்ளோடு தின்னும் சிறு மீன், எள், கீரை ஆகியவற்றை விடாதே.

இந்த வாரமே மருத்துவரைப் பார். மாதவிடாய் நின்றதை மறைக்காமல் முதல் வார்த்தையாகச் சொல். உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல். அவர் சொல்லும் வரை நீண்ட ஓட்டம் வேண்டாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஒரு வார்த்தை சொல், நான் கிளம்பி வருகிறேன்.

அன்புடன்,
அம்மா