பங்களாவைப் படம் எடுத்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் 99 கதவு பங்களாவை நீ எடுத்த படங்களைப் பார்த்தேன். இடிந்த தூணும் சுவரைப் பிளந்த வேரும் நன்றாகவே வந்திருக்கின்றன. கீழே எழுதியிருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பேய், நள்ளிரவுச் சத்தம் என்று அங்கே போகிற எல்லாரும் எழுதுவதையே நீயும் எழுதியிருக்கிறாய். அது கலிடோனியா தோட்டத்துத் துரை வீடு, ராம்ஸ்டன் குடும்பத்தின் சொத்து. 1948-இல் அதன் உரிமையாளரைச் சுட்டுக் கொன்ற கதை உனக்கும் தெரியும். அந்தத் துரைமார்களுக்குக் கரும்பு வெட்டியவர்களும் பிறகு ரப்பர் பால்மரம் சீவியவர்களும் எங்கே படுத்துத் தூங்கினார்கள் என்று யாரையாவது கேட்டாயா?

பினாங்கின் பெருநிலப் பக்கமான இந்தச் செபராங் பிறைக்கு நம்மவர்கள் முதலில் வந்தது கரும்புக்குத்தான், ஒப்பந்தக் கூலிகளாக. 1910-இல் அந்த முறைக்குத் தடை வந்தது. அதற்குள் கரும்பு போய் ரப்பர் வந்துகொண்டிருந்தது. ஆள் கொண்டுவருவது, ஊரிலிருந்து ஆள் சேர்த்து வரும் கங்காணி கைக்கு மாறியது. பயிர் மாறினாலும் அவர்கள் குடியிருந்த லயம் மாறவில்லை: வரிசை வீடுகளுக்கு நீளமாக ஒரே கூரை, வீட்டுக்கு வீடு பலகைத் தடுப்பு, முன்னால் அஞ்சடி நடைபாதை. எல்லாம் ஒரே அச்சு என்பதால் முன்பக்கத்தை எடுத்தால் உனக்கு நிர்வாகம் கட்டியது மட்டும்தான் கிடைக்கும். பின்னால் போ. தகரத்தில் இழுத்துக் கட்டிய அடுப்படி, கோழிக்கூடு, சாமி மாடம் எல்லாம் அங்கே குடியிருந்தவர்கள் கட்டியவை.

ஒரு தோட்டத்தில் ஒரு பெரியம்மா எனக்குத் தடுப்புப் பலகை ஒன்றைக் காட்டினார். அக்காவும் தங்கையும் அடுத்தடுத்த வீடுகளுக்கு மருமகளாக வந்தார்களாம். பிள்ளை பெற்ற நேரத்தில் சுற்றிப் போக முடியாமல் பலகையை அறுத்து வழி வைத்தார்களாம். தோட்டத்துக் கணக்கர், அதாவது கிராணி, பார்த்துவிட்டு ஆணியடித்து மூடச் சொல்லியிருக்கிறார். ஆணிகள் இன்னும் இருக்கின்றன. அவர் சொல்லாமல் நான் நூறு தடவை பார்த்திருந்தாலும் அது எனக்குப் பழைய மரம்தான்.

"எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று கேட்டால் ஓர் எண் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். "அடுத்த வீட்டுல யாரு இருந்தாங்க?" என்று கேள், மைலோ ஆறிப்போகும் வரை பேசுவார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் எங்கே, வேலைக்குப் போனவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையில் யார் பிள்ளை பார்த்தது, தண்ணிக்குழாயில் யாரோடு சண்டை என்றெல்லாம் கேட்கலாம். அதுவரை கேமராவைப் பையிலேயே வை. படம் எடுக்கும்போது உள்ளே பிளாஷ் போடாதே, அடுப்புக்கரி படிந்த பலகை படத்தில் வெளிறிப்போகும். கதவைத் திறந்து வைத்தால் காலை வெளிச்சமே போதும். கை நடுங்கினால் சுவரில் சாய்ந்துகொள்.

தீவுப் பக்கத்து ஜார்ஜ்டவுனுக்கு 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. அங்கே ஒரு சன்னலை மாற்றக்கூட அனுமதி வேண்டும். இந்தப் பக்கம் லயத்தை உடைக்க ஒரு மண்வாரி இயந்திரமும் ஒரு காலைப்பொழுதும் போதும். இங்கே பத்து காவானைப் பார், 2014-இல் அங்கிருந்து தீவுக்கு இரண்டாவது பாலம் திறந்தது, தோட்டமாக இருந்த நிலத்தில் இப்போது தொழிற்சாலைகள். அங்கிருந்தவர்கள் தாமான் என்கிற குடியிருப்புப் பேட்டை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் இருக்கிறார்கள். லயம் போனாலும் கேட்க ஆள் இருக்கிறது, ஆனால் எல்லாருக்கும் வயதாகிவிட்டது.

தீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிறு வா, அந்தப் பெரியம்மா வீட்டுக்குப் போகலாம். செம்பனை லோரி ஓடி ஓடிப் பாதை குழியாகிக் கிடக்கிறது, காரை விட்டுவிட்டு மோட்டாரில் வா. போன தடவை நான் எடுத்த படத்தைக் கழுவித் தரச் சொல்லியிருக்கிறார். கைப்பேசியில் காட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார், சட்டம் போட்டு மாட்ட வேண்டுமாம். உங்கள் ஊர் ஸ்டூடியோவில் பெரிதாகப் போட்டு எடுத்து வா, காசு நான் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா