ஆறாம் வகுப்பை இரண்டாம் முறை படிக்கும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் பள்ளி அணிகளில் விளையாடும் தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் நடுவில் ஒரு பெற்றோர் சொன்னதாக வந்த யோசனை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பையன் சின்ன உடம்பாக இருந்தால் ஒரு வருடம் அதே வகுப்பில் நிறுத்திவிடலாம், உயர்நிலைப் பள்ளி போவதற்குள் தேறிவிடுவான் என்கிறார். ஏதோ சத்துமாவுக் கஞ்சி கொடுக்கச் சொல்வதுபோல அது போகிற போக்கில் வந்திருந்தது. அந்த யோசனை எங்கள் வீட்டு வாசல் வரை வந்து போனதால்தான் இந்தக் கடிதம்.

இங்கே இதற்கு ரீகிளாஸ் என்று பெயர். படிப்பில் எந்தக் குறையும் இல்லாத, பாஸான பிள்ளையை அதே வகுப்பில் மறுபடி உட்கார வைப்பது. அரசுப் பள்ளி லேசில் சம்மதிக்காது என்பதால், ஒரு வருடம் தனியார் பள்ளியிலோ வீட்டுக் கல்வியிலோ போட்டுவிட்டுத் திரும்பக் கூட்டிவருவார்கள். கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து, வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறியும் லக்ராஸ் இவற்றில் இது அதிகம்.

என் மகன் ஜூலையில் பிறந்தவன். நாங்கள் இருக்கும் டெக்சாஸ் மாநிலத்தில் செப்டம்பர் 1 அன்று ஐந்து வயது முடிந்திருந்தால் கிண்டர்கார்ட்டன் சேரலாம். அதனால் தொடக்கத்திலிருந்தே வகுப்பில் அவன்தான் கடைக்குட்டி. ஆறாம் வகுப்பு முடியும் சமயம், ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் அவன் கூடைப்பந்து கிளப் கோச் என்னையும் என் கணவரையும் தனியாக அழைத்தார். பந்து கையில் நன்றாக நிற்கிறது, உயரம்தான் போதாது, ஒரு வருடம் நிறுத்திவிடுங்கள் என்றார். ஏழாம் வகுப்பில் கால் வைத்துவிட்டால் அப்புறம் முடியாது, இப்போதே முடிவு செய்யுங்கள் என்று அவசரப்படுத்தவும் செய்தார்.

ஏன் அந்த அவசரம் என்று பிறகுதான் புரிந்தது. டெக்சாஸ் அரசுப் பள்ளிகளின் போட்டிகளை நடத்துவது யுஐஎல் என்ற அமைப்பு. விளையாட்டுக்காக ஏழாம் அல்லது எட்டாம் வகுப்பில் ஒரு வருடம் நிறுத்தப்பட்ட மாணவன், ஒன்பதாம் வகுப்பு முதல் கிடைக்கும் நான்கு வருட வாய்ப்பில் கடைசி வருடத்தை இழந்துவிடுவான் என்பது அதன் விதி. சரி, ஏழிலும் எட்டிலும்தானே தடை, ஆறிலேயே நிறுத்திவிடுவோம் என்று ஆட்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். செப்டம்பர் 1 அன்று 19 வயது நிறைந்திருக்கக் கூடாது என்று ஒரு வயது விதியும் உண்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், சரியான வயதில் பள்ளி சேர்ந்த எந்தப் பிள்ளையும் ஒரு வருடம் தங்கினாலும் அந்த வரம்புக்குள்ளேயே வந்துவிடுகிறான். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏவும் ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய நாளிலிருந்துதான் பாடங்களுக்கான நான்கு வருடத்தை எண்ணுகிறது. அதற்கு முன் எத்தனை வருடம் எடுத்தான் என்பது அந்தக் கணக்கில் வராது.

அன்று இரவு என் கணவர் ஒரு தாளை எடுத்து, ஒரு பக்கம் தனியார் பள்ளிக் கட்டணமும் பயிற்சிச் செலவும், மறுபக்கம் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடைத்தால் மிச்சமாகும் நான்கு வருடக் கல்லூரிக் கட்டணமும் எழுதினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு நல்லது என்று நம்பித்தான் எழுதினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். தாளைச் சாப்பாட்டு மேசையிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டோம்.

காலையில் பையன் அதைப் பார்த்திருக்கிறான். வாய் திறக்கவில்லை. பள்ளிக்குப் போகும் வழியில், வயலின் போன்ற வாத்தியமான வயோலாவின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா, அப்போ நான் மறுபடியும் பிகினர் ஆர்கெஸ்ட்ராவா?" என்று கேட்டான். இங்கே ஆறாம் வகுப்பில்தான் வாத்தியம் கையில் கொடுப்பார்கள். அந்த ஒரு வருடத்தில், வில்லை எப்படிப் பிடிப்பது என்பதில் தொடங்கி, மேடையில் நான்கு பாட்டு வாசிக்கும் அளவுக்கு வந்திருந்தான். "அதெல்லாம் எனக்குத் தெரியுமே அம்மா" என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தெரிந்ததையே இன்னொரு வருடம் தெரியாததுபோல உட்கார்ந்து கேள் என்று எந்த வாயால் சொல்வது?

நாங்கள் நிறுத்தவில்லை. அதே கிளப்பில் இன்னொரு குடும்பம் நிறுத்தியது. அந்தப் பையனை நான் நான்கு வருடமாகப் பார்த்துவருகிறேன். இரண்டாம் முறை ஆறாம் வகுப்பில் புத்தகத்தைத் திறக்காமலே மதிப்பெண் வந்தது. ஏழிலும் எட்டிலும் களத்தில் அவனை மறிக்க ஆளே இல்லை. பொதுவாகப் பையன்கள் பதின்மூன்று பதினான்கு வயதில்தான் சட்டென்று வளர்வார்கள். ஒரே வருடத்தில் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர்கூட ஏறும். வளர்ந்த பையனை வளராதவர்கள் நடுவில் விட்டால் அவன் ஜெயிக்காமல் என்ன செய்வான்? ஒன்பதாம் வகுப்பில் மற்ற பையன்களும் வளர்ந்தார்கள். இப்போது அவன் எல்லோரையும் போல ஒருவன். தோளால் இடித்துக்கொண்டே உள்ளே போய்ப் பழகியவனுக்கு, இடிக்க முடியாதபோது என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் அம்மா என்னிடம் இதைச் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. அவனை யாரும் கேட்கவே இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மற்ற பிள்ளையையும் நினைக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்ட் மாதத்தில் என் மகனுக்கு 14 வயதும் ஒரு மாதமும். செப்டம்பரில் பிறந்து ஒரு வருடம் நிறுத்தப்பட்ட பையனுக்கு அதே நாளில் 15 வயதும் 11 மாதமும். இருவரையும் ஒரே வகுப்பு என்று ஒரே அணித் தேர்வுக்கு நிறுத்துகிறார்கள். இருபத்திரண்டு மாத வித்தியாசத்தைத் திறமை வித்தியாசம் என்று எழுதிக்கொள்கிறார் கோச். தேர்வாகாமல் திரும்பி வரும் சின்னப் பையன் தனக்குத் திறமை இல்லை என்றே நினைத்துக்கொள்கிறான். பலர் அந்த வருடத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

இது புதிதாகத் தெரிந்த விஷயமும் இல்லை. கனடாவின் ஐஸ் ஹாக்கி அணிகளில் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்களே குவிந்திருப்பதை, ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1980களிலேயே எடுத்துக் காட்டினார். அங்கே வயது வரம்பு ஜனவரி 1. சில மாத மூப்புக்கே அவ்வளவு பலன் என்றால் முழு வருடத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

ஸ்காலர்ஷிப் ஆசைக்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடுவோர் 80 லட்சத்துக்கும் மேல். அவர்களில் கல்லூரி அணிக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். கல்லூரி விளையாட்டின் உயர்ந்த நிலையான முதல் டிவிஷனுக்கு இரண்டு பேர்கூட இல்லை என்று என்சிஏஏவே சொல்கிறது. 2025 ஜூலை முதல் கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம் என்றாகிவிட்டதால் இனி இந்த ஆசை கூடத்தான் செய்யும். அதே 2025இல் எங்கள் டாலஸ் மேவரிக்ஸ் என்ற தொழில்முறைக் கூடைப்பந்து அணி முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த கூப்பர் ஃபிளாக்கும் ரீகிளாஸ் செய்தவர்தான். ஆனால் முன்பக்கமாக. ஒரு வருடம் சீக்கிரமே பள்ளியை முடித்து, 17 வயதில் டியூக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, தன்னைவிட மூத்தவர்களோடு ஆடினார்.

டெக்சாஸில் 1984இலிருந்து ஒரு சட்டம் உண்டு. பாடத்தில் 70 மதிப்பெண் வாங்காத மாணவன் குறைந்தது மூன்று வாரம் போட்டியில் இறங்க முடியாது. படிப்பு முதலில், ஆட்டம் பிறகு என்று சொன்ன ஊர் இது. அதே ஊரில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையை ஆட்டத்துக்காக ஃபெயிலானவன் மாதிரி உட்கார வைக்கிறோம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் ஊர் வாசகர்கள் இதைப் படித்துவிட்டு, அங்கேயும் இப்படியா என்று கேட்கலாம். இந்தியாவில் பிறப்புச் சான்றிதழில் வயதைக் குறைக்கிறார்கள். அதைப் பிடிக்கத்தான் கிரிக்கெட் வாரியம் சிறுவர்களின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறது. இங்கே காகிதத்தில் ஒரு பொய்யும் இல்லை. பிறந்த தேதி சரியாகவே இருக்கும், வகுப்பு மட்டும்தான் மாறியிருக்கும். எக்ஸ்ரே எடுத்தாலும் பிடிபடாது.

உடல்நலக் குறைவாலோ, மொழி புரியாமலோ, பாடத்தில் பின்தங்கியோ ஒரு வருடம் கூடுதலாகப் படிக்கும் பிள்ளைகளை நான் சொல்லவில்லை. அது அவர்களுக்கு வேண்டிய உதவி. ஆட்டத்துக்காக மட்டும் நிறுத்துவதைத்தான் சொல்கிறேன். யுஐஎல் விதியில் ஆறாம் வகுப்பையும் சேர்க்க வேண்டும் என்று எங்கள் பகுதிப் பெற்றோர் சிலர் எழுதி அனுப்பத் தயாராகிவருகிறோம். நீச்சலில் பிள்ளைகளை வகுப்பு பார்க்காமல் வயதுப் பிரிவுகளில்தான் போட்டியிட வைக்கிறார்கள். மற்ற கிளப் ஆட்டங்களிலும் அதைச் செய்யலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இளம் வீரர்களைப் பற்றி எழுதும்போது, எத்தனை புள்ளி எடுத்தான் என்பதோடு என்ன வயது, எந்த வகுப்பு என்பதையும் கேட்டு எழுதுங்கள். என் மகன் இப்போது பத்தாம் வகுப்பில் ஜூனியர் வார்சிட்டி என்ற பள்ளியின் இரண்டாம் நிலை அணியில் இருக்கிறான். பாதி ஆட்டம் பெஞ்சில்தான். வயோலாவும் வாசிக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்