நான் விழுங்கியது மருந்தா, மாவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் மருந்து ஆய்வுகளைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏழைகளைச் சோதனை எலி ஆக்குகிறார்கள் என்று அதில் இரண்டு இடத்தில் எழுதியிருந்தது. கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கட்டுரையைப் படித்த அன்றே என் பக்கத்து வீட்டுப் பெண் வந்து, "இன்னாக்கா, ஆஸ்பத்திரில சொட்டு மருந்து ஊத்தறதும் டெஸ்ட்டுக்குத்தானா?" என்று கேட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக 33 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 1987-ல் சேரும்போது சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போவேன். 1995-ல் போலியோ முகாம் ஆரம்பித்ததும் ஞாயிற்றுக்கிழமை என்பதே எங்களுக்கு மறந்துபோனது. குழந்தைக்கு இரண்டு சொட்டு, இடது கை சுண்டுவிரலில் மை. அடுத்த சுற்றில் மறுபடியும் அதே குழந்தை, அதே சொட்டு. தாய்மார்கள் கேட்பார்கள்: "போன மாசந்தான ஊத்தன? இன்னும் எத்தினி தபா?" மேலிடத்து உத்தரவு என்பேன். வேறு பதில் என்னிடம் இல்லை. பயிற்சி வகுப்பில் எத்தனை சொட்டு, எத்தனை டிகிரி குளிர் என்பதைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏன் என்பதைச் சொல்லவில்லை.

அந்த 'ஏன்' எனக்குத் தெரிந்தது ஓய்வு பெற்ற பிறகு. என் அண்ணன் மகள் நர்சிங் படிக்கிறாள். அவள்தான் செல்போனில் படித்துப் படித்துச் சொன்னாள். வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு மூன்று முறை ஊற்றினால் போதும் என்றிருந்த போலியோ சொட்டு, நம் குழந்தைகள் பலருக்கு மூன்று முறையில் பலன் தரவில்லை. இதை 1970-களின் தொடக்கத்திலேயே கண்டு எழுதியவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான். குழந்தைகளுக்கு மருந்து கொடுத்து, ரத்தம் எடுத்து, எதிர்ப்பு சக்தி வந்ததா என்று பார்த்துத்தான் அதைக் கண்டார்கள். கட்டுரையாளர் மொழியில் அதுவும் 'சோதனை'தான். அதைப் பார்க்காமல் புத்தகத்தில் போட்டிருக்கிறபடி மூன்று முறை ஊற்றிவிட்டு நிம்மதியாக இருந்திருந்தால், 2014 மார்ச்சில் இந்தியாவுக்குப் போலியோ இல்லை என்ற சான்றிதழ் வந்திருக்காது. என் தாய்மார்கள் கேட்ட கேள்விக்கு ஒரு பஸ் தூரத்தில், இருபது வருடத்துக்கு முன்பே பதில் இருந்திருக்கிறது. இங்கிலீஷில் இருந்தது.

பேதிக்கும் இதே கதை. உச்சிக்குழி உள்வாங்கி, தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்க, கண் செருகி வந்த குழந்தைகளை நான் எத்தனை பார்த்திருக்கிறேன்! பல் முளைக்கிற பேதி என்பார்கள், தொக்கம் எடுத்துவிட்டு வருவார்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தே பாதியைக் காப்பாற்றினோம். அந்தக் கடும் பேதிக்குப் பெரிய காரணம் ரோட்டா வைரஸ் என்பது எனக்குச் சர்வீசின் கடைசிக் காலத்தில்தான் தெரியும். 2017-ல் தமிழ்நாட்டில் ரோட்டா சொட்டு வந்தது. 6, 10, 14 வாரத்தில் ஐந்தைந்து சொட்டு. இந்த மருந்துக்குப் பின்னால் வேலூர்க் குழந்தைகள் இருந்தார்கள் என்பது அப்போதும் எனக்குத் தெரியாது.

சின்ன அல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம், கஸ்பா என்று பீடி சுற்றும் வீடுகள் நிறைந்த பகுதிகளில் 2002 முதல் பிறந்த குழந்தைகளைச் சேர்த்து, மூன்று வயது வரை விடாமல் பார்த்திருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு முறை களப்பணியாளர் வீட்டுக்கு வருவார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழந்தையின் மலத்தை டப்பாவில் வாங்கிப் போவார். என் நாத்தனார் அந்தப் பக்கம்தான் குடியிருந்தாள். "பீயைக்கூட வாங்கினு போறாங்க அண்ணி, அத்த வெச்சி இன்னா பண்ணுவாங்க?" என்று அவள் சிரித்தது நினைவிருக்கிறது. என்ன செய்தார்கள் என்றால், 373 குழந்தைகளை முழுதாக மூன்று வருடம் பார்த்து, பாதிக்கு மேற்பட்டவை ஆறு மாதத்துக்குள்ளேயே இந்தக் கிருமியை வாங்கிவிடுகின்றன என்று கண்டார்கள். மெக்சிகோவில் முன்பு செய்த ஆய்வில், இரண்டு முறை தொற்றிய குழந்தைக்கு அப்புறம் ரோட்டாவால் கடும் பேதி வரவே இல்லை. வேலூரில் மூன்று முறை தொற்றிய பிறகும் 79 சதவீதப் பாதுகாப்புதான். அதே வேலூர்க் கல்லூரியில் இருந்த டாக்டர் ககன்தீப் காங் குழுவின் இந்த ஆய்வு 2011-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் என்ற மருத்துவ இதழில் வந்தது. அங்கே பலித்தது இங்கே அப்படியே பலிக்கும் என்று நம்பி மருந்து வாங்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம்.

அதே 2011-ல் தொடங்கி டெல்லி, புனே, வேலூர் மூன்று ஊரிலும் 6,799 கைக்குழந்தைகளிடம் ரோட்டாவேக் என்ற ரோட்டா சொட்டைப் பரிசோதித்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்கு மருந்து, மீதிக்கு மருந்துபோலவே இருக்கும் வெறும் சொட்டு. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. முதல் வருடத்தில் ரோட்டாவால் வரும் கடும் பேதி சுமார் 56 சதவீதம் குறைந்தது. அண்ணன் மகள் "பாதிதானா அத்தை?" என்றாள். ரோட்டாவால் டிரிப் ஏற்றும் நிலைக்கு வரவேண்டிய நூறு குழந்தையில் ஐம்பத்தாறு வீட்டிலேயே விளையாடிக்கொண்டிருக்கும் என்றால் அது பாதியா? துணை சுகாதார நிலையத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் குறையே இல்லாமல் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த ஆய்வில் குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் போய்ச் செருகிக்கொள்வது) குறித்த வேலூர் விவரங்களைத் தனியாக வெளியிட வேண்டும் என்று சிலர் நீதிமன்றம் வரை போனார்கள். கேட்டதில் தப்பில்லை. குழந்தையைக் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் உங்கள் கட்டுரையாளர் கேட்டது அந்தக் கணக்கை அல்ல. ஆய்வே கூடாது என்கிற மாதிரி எழுதிவிட்டார்.

என் மனக்குறை வேறு. அதை என் வீட்டிலிருந்தே சொல்கிறேன்.

என் கணவர் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர். சர்க்கரை நோயாளி. சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவக் கல்லூரியில் (பெயர் வேண்டாம், அங்கே எங்களை மரியாதையாகத்தான் நடத்தினார்கள்) புது மாத்திரை ஆய்வு ஒன்றில் சேர்ந்தார். கையெழுத்துக்கு 14 பக்கத் தாள். தமிழில்தான் இருந்தது. "சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு செய்யப்பட்டு", "மருந்துப்போலிக் குழு" என்று ஒரு தமிழ். இங்கிலீஷிலேயே கொடுத்திருந்தால் யாரையாவது கேட்டாவது தெரிந்துகொண்டிருப்போம். நான்தான் அவருக்கு, "சீட்டுக் குலுக்கிப் போடுவாங்க. உங்களுக்கு நிஜ மாத்திரை வந்தாலும் வரும், மாவு மாத்திரை வந்தாலும் வரும். நடுவுல வேணாம்னா எப்ப வேணும்னாலும் நின்னுக்கலாம்" என்று மூன்று வாக்கியத்தில் சொன்னேன். புரிந்துதான் கையெழுத்துப் போட்டார். "நம்மளால நாலு பேருக்கு ஆவும்னா சரி" என்றார்.

24 வாரம். தேதி தவறாமல் போன் வரும். போக வர பஸ் காசு கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் மிச்ச மாத்திரையை எண்ணி வாங்கிக்கொள்வார்கள். ஒருமுறை இரண்டு மாத்திரை குறைந்ததற்கு அரை மணி நேரம் விசாரணை! அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. டிக்கெட்டுக் கணக்கு முடிக்காமல் பையைக் கீழே வைக்கத் தெரியாத மனுஷன். அந்த ஆறு மாதமும் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. அப்புறம் ஆய்வு முடிந்தது, போன் வருவதும் நின்றது.

அந்த மாத்திரை நல்லதா, கெட்டதா? கடைக்கு வந்ததா? இவர் விழுங்கியது மருந்தா, மாவா? சர்க்கரை இறங்கியது மாத்திரையாலா, அந்த நேரத்தில் பயந்து சோற்றைக் குறைத்தாரே, அதனாலா? ஆய்வு முடிந்ததும் குலுக்கிய சீட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் கணக்கு எழுதுகிறார்கள். அப்படியென்றால் பதில் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. இரண்டு முறை நேரில் போய்க் கேட்டோம். அந்த ஆய்வில் இருந்த பெண் வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

2009-லிருந்து ஒவ்வொரு மருந்து ஆய்வையும் தொடங்கும் முன் தேசியப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2019-ல் வந்த விதிகளில், ஆய்வால் பாதிப்பு ஏற்பட்டால் நஷ்டஈடு உட்படப் பலதும் இருக்கிறது. நல்லது. ஆனால் அந்தப் பதிவேட்டைத் திறந்தால் எல்லாம் இங்கிலீஷ். என் கணவர் அதில் எதைத் தேடுவார்?

மருத்துவக் கல்லூரிகளை நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஆய்வு முடிந்ததும், சேர்ந்தவர் வீட்டுக்குத் தமிழில் ஒரு அஞ்சலட்டை. உங்களுக்குக் கிடைத்தது இது, நாங்கள் கண்டது இது, அவ்வளவுதான். அந்தப் பகுதி செவிலியருக்கும் அதன் நகல் ஒன்று வந்தால், தாய்மார்கள் கேட்கும்போது மேலிடத்து உத்தரவு என்று சொல்லி நிற்க வேண்டியதில்லை. உங்கள் பத்திரிகையும் இனி இப்படி ஒரு கட்டுரை போடும்போது, ஆய்வு செய்தவரிடம் "முடிவை அவர்களுக்குச் சொன்னீர்களா?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

கடைசி நாளன்று மீதி மூன்று மாத்திரையை எண்ணி வாங்கிக்கொண்டு, அதற்கு இவரிடம் கையெழுத்தும் வாங்கி, நகல் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அது இன்னும் எங்கள் பீரோவில், பென்ஷன் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது. தூக்கிப் போடலாம் என்றால் விடமாட்டேன் என்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்.
(கணவரின் உடல்நிலை பற்றி எழுதியிருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம்.)