சீல் வாங்குவதற்கு முன்னால் பைப்பைத் தடவிப் பார்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். எனக்குக் கண்ணாடி பவர் ஏறியதுதான் புதுச் செய்தி, மற்றபடி வண்டியை நோண்டுகிற கிறுக்கு குறையவில்லை.

சரி, உன் பைக்கின் முன் ஃபோர்க்கில், அதாவது முன் சக்கரத்தைத் தாங்கிக் குலுக்கலை வாங்குகிற ரெண்டு குழாய்களில், எண்ணெய் கசிகிற விஷயத்துக்கு வருகிறேன். எண்ணெயை உள்ளே நிறுத்துகிற ரப்பர் வளையமான சீலை வீட்டிலேயே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக மாற்றலாம். ஆனால் அதற்கு முன்னால் எண்ணெய் எங்கே இறங்குகிறது என்று பார்த்துவிடு. பிரேக் டிஸ்க் பக்கம் கசிந்து, பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பர் வரை போயிருந்தால் வண்டியை வெளியே எடுக்காதே. டிஸ்க்கை பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்துக்கொள்ளலாம், எண்ணெய் குடித்த பேடை மட்டும் நம்பக் கூடாது, புதுசுதான் போட வேண்டும்.

அப்புறம், சீல் போயே போய்விட்டது என்று நீயாக முடிவு கட்டாதே. பாதி நேரம் சீலின் உதட்டுக்கு அடியில் மண் சிக்கியிருக்கும், அவ்வளவுதான். உன்னுடையது குரோம் பைப் மேலே இருக்கிற பழைய மாதிரி ஃபோர்க்தானே, சீலுக்கு மேலே தூசியைத் தடுக்கிற டஸ்ட் சீலைப் பைப்பில் கீறல் விழாமல் மெதுவாக நெம்பி மேலே தள்ளிவிட்டு, பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு பட்டை வெட்டி, நுனியில் சின்னக் கொக்கி மாதிரி விட்டு, பைப்புக்கும் சீலுக்கும் நடுவே நுழைத்துச் சுற்றி வந்து இழு. கறுப்பாக மசி போல அழுக்கு வரும். துடைத்துவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்து ஹேண்டிலை நன்றாக அழுத்தி அழுத்தி விடு, மறுபடி ஒரு சுற்று. அதற்குப் பிறகு ஓட்டிப் பார்த்தும் பைப்பில் எண்ணெய் வளையம் விழவில்லை என்றால் வேலை முடிந்தது.

விழுந்தால், அப்போதும் கடைக்கு ஓடாதே, முதலில் பைப்பைப் பார். சீல் ஏறி இறங்குகிற இடம் முழுக்கத் துடைத்துவிட்டு, விரல் நகத்தை மேலும் கீழும் சுற்றிலும் இழுத்துக்கொண்டே போ. கண்ணுக்குப் பளபளவென்று தெரிகிற குரோமில் நகம் டக்கென்று மாட்டும் பார், கல் தெறித்த இடமோ துரு தின்ற புள்ளியோ, அதுதான் சீலின் உதட்டை அறுக்கிறது. அதை விட்டுவிட்டு எத்தனை புது சீல் போட்டாலும் அது அறுத்துக்கொண்டேதான் இருக்கும். விளிம்பு மட்டும் தூக்கியிருந்தால் 2000 நம்பர் உப்புத்தாளில் எண்ணெய் தொட்டு அந்தப் புள்ளியை மட்டும் தேய். பள்ளமாக இருந்தால் எபாக்ஸி வைத்து, காய்ந்ததும் மட்டமாகத் தேய்த்துவிடலாம். குரோம் உரிந்திருந்தால் பைப்பையே மாற்ற வேண்டியதுதான்.

கழற்றும்போது ரெண்டு விஷயம். ஃபோர்க்கை வண்டியோடு பிடித்திருக்கும் கிளாம்பில் அது இருக்கும்போதே, மேல் கிளாம்ப் போல்ட்டை மட்டும் தளர்த்திக்கொண்டு, பைப்பின் மேல் மூடியைக் கொஞ்சம் லூசாக்கிவிடு, வெளியே எடுத்தபின் அது லேசில் திரும்பாது. ஃபோர்க்கின் அடி போல்ட்டையும் ஸ்பிரிங் உள்ளே இருக்கும்போதே தளர்த்து, இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ராடும் சேர்ந்து சுற்றும், நீ திட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பாய். காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடாதே, கம்பியில் கட்டி வை.

ஒரு பக்கம்தான் கசிகிறது என்றாலும் ரெண்டு சீலையும் மாற்றிவிடுவேன் நான், மற்றதற்கும் அதே வயசுதானே. புது சீலை ஏற்றும்போது பைப் முனையில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, ஃபோர்க் ஆயில் தடவி இறக்கு, உதடு மடங்காது. எண்ணெய் உன் வண்டி மேனுவலில் போட்டிருக்கும் கிரேடும் அளவும்தான், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. கூட ஊற்றினால் நல்லது என்று நினைக்காதே, மேலே காற்றுக்கு இடம் குறைந்து, ஃபோர்க் அமுங்கும்போது அழுத்தம் ஏறி சீலையே தள்ளும்.

கடைசியில் சக்கர அச்சைப் பிடிக்கிற ஆக்ஸில் கிளாம்பை இறுக்குவதற்கு முன்னால் ஃபோர்க்கை நாலைந்து முறை அழுத்திவிட்டு இறுக்கு. பைப்பில் நகம் மாட்டியதா இல்லையா என்பதை எனக்கு எழுது, சீல் வாங்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ரவி